சொற்செயலி ஆவணமும் தமிழ்ப் பிரெயிலும்: பாடநிலைச் சிக்கல்கள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சொற்செயலியில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆய்வுக்கட்டுரைகள் பிரெயிலுக்கு மாற்றப்படும்போது பிழைபடுவதற்குக் காரணம் மாற்று மென்பொருள் மட்டுமே எனக் கருதும் போக்கு நிலவுகிறது. பிழைகளின் பெரும்பகுதி மூல ஆவணத்திலேயே, அச்சில் கண்ணுக்குப் புலப்படாத நிலையில் இருக்கிறது என்பதையும், ஆங்கிலத்தை முன்வைத்து எழுதப்பட்ட வழிகாட்டுதல்கள் தமிழுக்கே உரிய இடர்ப்பாடுகளைத் தொடுவதில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஆவணத்தைப் பிரெயிலுக்கு ஆயத்தம் செய்தல் பதிப்புப்பணியின் ஒரு கூறு என்பது இதன் நிலைப்பாடு.

திறவுச்சொற்கள்: பிரெயில், பாரதி பிரெயில், சொற்செயலி, ஒருங்குறி, பதிப்பு, பாடவேறுபாடு, நடுகல்

முன்னுரை

தருமபுரி மாவட்ட நடுகற்கள் குறித்து நான் எழுதிய கட்டுரை ஒன்றை நல்லம்பள்ளியைச் சேர்ந்த பார்வையற்ற முதுகலைத் தமிழ் மாணவர் ஒருவர் கேட்டு வாங்கினார். இருபது கட்டங்கள் கொண்ட மின்னணுப் பிரெயில் கருவியில் விரலால் தடவிப் படிப்பவர் அவர். கோப்பை அனுப்பிய இரண்டாம் நாள், “ஐயா, செங்கம் நடுகற்கள் நூல் எந்த ஆண்டு வந்தது? 19729 என்று இருக்கிறதே” என வினவினார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அந்நூலை வெளியிட்ட ஆண்டு 1972. என் கட்டுரையிலும் அவ்வாறே இருந்தது. கண்ணால் பார்த்தால் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அவர் படித்ததும் தவறன்று. நான் “1972இல்” எனச் சேர்த்து எழுதியிருந்தேன். அவர் விரலுக்கு அது “19729ல்” எனப் பட்டது.

இது ஏன் நிகழ்ந்தது என ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. பிழை எங்கே பிறந்தது என்பதை அறியப் பிரெயில் தமிழை எவ்வாறு எழுதுகிறது என்பதை முதலில் காண வேண்டும்.

பிரெயிலில் தமிழ் எழுத்து

லூயி பிரெயில் 1829-ஆம் ஆண்டு வெளியிட்ட முறையில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள். அவற்றால் அமையும் வடிவங்கள் 63. இந்திய மொழிகளுக்கெனத் தனித்தனியே வழங்கிய முறைகளுக்கு மாற்றாக 1951-ஆம் ஆண்டு பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. ஒலியொப்புமை அதன் அடிப்படை. ஆங்கிலத்தில் ‘கே’ என்னும் எழுத்துக்குரிய வடிவமே தமிழில் ககரத்துக்கும், ‘எம்’ என்பதற்குரியதே மகரத்துக்கும் உரியது. இலங்கைத் தமிழ்ப் பிரெயிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

தமிழாசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. அச்சில் ‘கெ’ என எழுதும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. ‘கொ’ என்பதில் ககரத்தின் இருபுறமும் குறிகள் சூழ்கின்றன. பிரெயிலில் இவ்வளைவு எதுவும் இல்லை. முதலில் மெய், அடுத்து உயிர். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்னும் தொல்காப்பியர் கருத்துக்கு அச்செழுத்தைக் காட்டிலும் பிரெயிலே நெருக்கமானது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் வரிவடிவை மாற்றியபோது பிரெயிலில் ஒரு புள்ளியும் மாற வேண்டியிருக்கவில்லை. அது எழுதுவது வடிவத்தை அன்று, எழுத்தை.

மெய்ப்புள்ளி மட்டும் இடம் மாறுகிறது. அச்சில் எழுத்தின் தலைமேல் இருப்பது பிரெயிலில் நான்காம் புள்ளி மட்டும் கொண்ட தனிக்கட்டமாக மெய்க்கு முன்னே வருகிறது. இதனால் ஒவ்வொரு மெய்யும் இரு கட்டங்களைக் கொள்கிறது. ‘தொல்காப்பியம்’ என்னும் சொல் அச்சில் ஏழெழுத்து. பிரெயிலில் 13 கட்டம். ‘எழுத்ததிகாரம்’ என்பதற்கும் 13. இருபது கட்டக் கருவியில் இவ்விரு சொற்களும் ஒருசேரத் தோன்றா. அச்சுப்பக்கத்தை ஒரு பார்வையில் அளந்துவிடும் நமக்கு, ஒரு சொல்லுக்குமேல் முன்னோக்கிப் பார்க்க இயலாத வாசிப்பில் ஒரு பிழை எவ்வளவு இடறும் என்பது எளிதில் புரிவதில்லை.

எண்ணும் எழுத்தும் மயங்குமிடம்

பிரெயிலில் எண்களுக்குத் தனி வடிவம் இல்லை. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் பத்து எழுத்துகளுக்குரிய வடிவங்களே, முன்னால் ஓர் எண்குறி வந்தால் 1 முதல் 9 வரையும் 0-உம் ஆகின்றன. அந்தப் பத்தில் தமிழெழுத்துகளுக்கும் உரியவை எவை எனப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரிகிறது. அகரமும் 1-உம் ஒரே வடிவம்; சகரமும் 3-உம் ஒன்று; ஏகாரம் 5; இகரம் 9. கிரந்த எழுத்துகளில் ஹகரம் 8, ஜகரம் 0.

எண்ணை அடுத்து இடைவெளியின்றி இவ்வெழுத்துகளில் ஒன்று வருமானால், இடையில் வேறு குறி இல்லாதவிடத்து, அதுவும் எண்ணாகவே படிக்கப்படும். ‘5அடி’ என்பது ‘51டி’ ஆகும். ‘10ஏக்கர்’ ‘105க்கர்’ ஆகும். ‘5சதவீதம்’ ‘53தவீதம்’ ஆகும். இவை அரிதாக நேர்பவை; படிப்பவர் ஓரளவு ஊகித்துக் கொள்ளவும் கூடும். இடவேற்றுமை உருபாகிய ‘இல்’ அவ்வாறன்று. ஆய்வுக்கட்டுரையில் ஆண்டு வருமிடமெல்லாம் பெரும்பாலும் ‘இல்’ வருகிறது; ‘இன்’, ‘இலிருந்து’ என்பனவும் வருகின்றன. அவை அனைத்தும் இகரத்தில் தொடங்குவன. ஆண்டுகளோ நான்கு இலக்கத்தில் முடிந்துவிட்டன என ஊகிக்கலாம். கல்வெட்டு வரிசை எண், பாடல் எண், பக்க எண் ஆகியவற்றில் அத்தகைய வரையறை இல்லை. ‘95இல்’ என்பது ‘959ல்’ ஆனால் அது பிழை என்பதை எதைக் கொண்டு அறிவது?

ஆங்கிலத்தில் இம்மயக்கம் வராதபடி எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே ஓர் எழுத்துக்குறி இடுவர். அது ஐந்தாம், ஆறாம் புள்ளிகளாலானது. அதே வடிவம் தமிழில் னகரத்துக்கு உரியதாகிவிட்டது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைக் காட்டும் ஆறாம் புள்ளி தமிழில் ஆய்தம். ஆங்கில வழிகாட்டி நூலில் உள்ள தீர்வைத் தமிழுக்கு அப்படியே பெயர்ப்பது இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தமிழில் எளிய தீர்வு ‘1972-இல்’ எனச் சிறுகோடு இடுவதே. ஆனால் ஆய்விதழ்கள் சிலவற்றின் எழுத்துநடை விதிகள் இச்சிறுகோட்டைத் தவிர்க்கச் சொல்கின்றன. அவ்விதி அச்சழகு கருதியது. மறுபரிசீலனைக்கு உரியது என்பது என் கருத்து.

எண்குறியிலும் ஒரு மயக்கம் உண்டு. அதன் வடிவமும் ணகரத்தின் வடிவமும் ஒன்றே. இது நடைமுறையில் இடர் தராமைக்குக் காரணம் மென்பொருளன்று, தமிழிலக்கணம். ணகரம் மொழிக்கு முதலில் வாராது. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் அவ்வடிவம் வந்தால் எண். இடையில் வந்தால் ணகரம். மொழிமுதல் எழுத்து பற்றிய நூற்பாக்கள் இங்கு ஒவ்வொரு வரியிலும் பயன்பட்டுக் கொண்டிருக்கின்றன.

இந்த இலக்கண அரணைச் சொற்செயலியில் நாமே இடித்துவிடுகிறோம். தமிழ் அச்சில் வரியின் இறுதியில் சொல்லை எவ்விடத்திலும், சிறுகோடின்றி, முறிக்கும் வழக்கம் உண்டு. பழைய நூல்களைத் தட்டச்சு செய்வோர் வரிக்கு வரி ‘என்டர்’ விசையை அழுத்தி அம்முறிவையும் பேணுகின்றனர். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினாலும் இதே நிலை. ‘மாணிக்கவாசகர்’ முதல் வரியில் ‘மா’ எனவும் அடுத்த வரியில் ‘ணிக்கவாசகர்’ எனவும் பிரிந்து நின்றால், ணகரமும் இகரமும் சொல்முதலாகி ‘9க்கவாசகர்’ ஆகிவிடுகின்றன. ‘அணி’ பிரிந்தால் ‘அ 9’. அணியிலக்கணப் பாடத்தில் இது எத்தனை முறை வரும் என எண்ணிப் பார்க்கலாம். மறுதலையாக, அடிக்குறிப்பு எண்ணைச் சொற்செயலியின் அடிக்குறிப்பு வசதியால் இடாமல், ‘நடுகல்’ என்பதன் தலைமேல் 9 எனத் தட்டச்சு செய்து சிறிதாக்கினால், மேலெழுத்து என்னும் தோற்றம் மாற்றத்தில் உதிர்ந்து ‘நடுகல்ணி’ என்றொரு புதுச்சொல் பிறக்கும்.

குறியேற்றமும் சுவடி மரபும்

எண் மயக்கம் சரியான எழுத்துகளுக்கிடையே எழுவது. எழுத்தே தவறாக இருக்கும் நிலை அதனினும் ஆழமானது.

ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்கள் கணினியை ஒருவகையில் ஏமாற்றின. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ எனத் திரையில் தெரிவது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். அதைப் பிரெயிலாக்கினால் அவ்வைந்து குறிகளே விரலுக்குக் கிட்டும். தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாம், டாப் குறியேற்றங்களையும், 2010-இல் ஒருங்குறியையும் டேஸ் 16 என்பதையும் தரப்படுத்தியது. இவற்றுள் பிரெயில் மாற்றிகள் நேரடியாக அறிவது ஒருங்குறியை மட்டுமே. மதுரைத் திட்டம் 1998 முதல் இணையத்தில் வழங்கிவரும் இலக்கிய மின்னூல்கள் இன்று ஒருங்குறியில் கிடைப்பதால் அவற்றைப் பிரெயிலாக்குவதில் இத்தடை இல்லை. ஆய்வேடுகளின் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் குவிகின்றன. அங்குள்ள தமிழ் ஆய்வேடுகளில் ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்பவர் பலமுறை ஆங்கில எழுத்துக் குவியலையே காண்பார். வேறு சில பக்கங்கள் வெறும் படங்கள்.

ஒருங்குறியில் எழுதிவிட்டால் போதும் என்பதும் இல்லை. அதியமான் நெடுமானஞ்சியைப் பற்றி எழுதுவோர் யாவரும் ஔவையாரைக் குறிப்பிட்டாக வேண்டும். அப்பெயரின் முதலெழுத்தை ‘ஔ’ என்னும் ஓரெழுத்தாக இடாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என எழுதுவது மிகப் பரவலான வழக்கம். அச்சில் வேறுபாடு அநேகமாகத் தெரியாது. பிரெயிலிலோ அது ஐந்தெழுத்துப் பெயர். ‘ஒள’ எனத் தொடங்குவது. ‘கௌ’ என்பதைக் கொம்பும் ளகரமுமாகப் பிரித்து இட்டாலும் இதுவே கதி. ஒளிவழி எழுத்துணரி கொண்டு பழைய நூல்களை மின்னூலாக்கும்போது காலுக்கு ரகரம் வந்து ‘காலம்’ ‘கரலம்’ ஆகிறது. எட்டைக் குறிக்கும் தமிழெண் அகரத்தின் இடத்தில் அமர்ந்துவிடுவதும் உண்டு. (இப்பிழைகள் பார்வையுள்ள ஆய்வாளரையும் பாதிக்கின்றன. கோப்பில் ‘ஔவையார்’ எனத் தேடி ஒன்றும் கிட்டாமல் திரும்பியவர்கள் நம்மில் பலர்.)

இவ்விடத்தில் தமிழ்ப் பதிப்பு வரலாறு நினைவுக்கு வருகிறது. ஓலைச்சுவடிகளில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொணர்ந்தபோது, பார்வைக்கு ஒன்றாய்த் தோன்றும் வடிவம் எந்த எழுத்து என்பதை இடந்தோறும் முடிவு செய்தனர். அம்முடிவுகளே பாடம் ஆயின. அச்சிலிருந்து பிரெயிலுக்குச் செல்வதும் அத்தகையதொரு கடத்தல். காலா ரகரமா என்னும் பழைய வினாவே ஒன்றரை நூற்றாண்டு கழித்து மீண்டும் எழுகிறது. வேறுபாடு ஒன்றே: அன்று அவ்வினாவை எதிர்கொண்டவர் நூலறிந்த பதிப்பாசிரியர், இன்று அது மாற்று மென்பொருளை இயக்கும் ஊழியரிடமோ, படிக்கும் மாணவரிடமோ தள்ளிவிடப்படுகிறது.

வடிவமைப்பு

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி நடுவில் நிறுத்துவதால் அது தலைப்பு ஆகிவிடாது. சொற்செயலியின் தலைப்புப் பாணியைப் பயன்படுத்தினால்தான் மாற்று மென்பொருள் அதைத் தலைப்பென உணரும். இடைவெளி விசையைப் பலமுறை தட்டிச் சொற்களை நகர்த்தலாகாது. முக்கிய செய்தியை உரைப்பெட்டிக்குள் இடலாகாது. நிறத்தால் மட்டும் பொருள் உணர்த்தலாகாது. இவை எல்லா மொழிக்கும் பொது. பயிற்சிப் பட்டறைகளிலும் சொல்லப்படுபவை. விரிவு வேண்டா.

பட்டறைகளில் சொல்லப்படாதது செய்யுள். உரைநடையில் வரிமுறிவு பகை; செய்யுளில் அதுவே உறுப்பு. நாற்சீரடி ஒன்று பிரெயிலில் முப்பது, நாற்பது கட்டங்கள் வரை செல்லும். நாற்பது கட்டம் கொண்ட தாளிலேயே சில அடிகள் மடங்கி அடுத்த வரிக்கு வரும். மடங்கிய பகுதி உள்தள்ளித் தொடங்கினால்தான் அது புதிய அடியன்று என்பது விளங்கும். ஒவ்வோர் அடியும் தனிப்பத்தியாகவும், பாடல் முழுமைக்கும் ஒரே பாணியாகவும் ஆவணத்தில் இருந்தால் இதை மென்பொருளே செய்துவிடும். வெண்பாவின் தனிச்சொல்லைப் பல இடைவெளிகளால் வலப்புறம் தள்ளியிருந்தால் செய்ய இயலாது.

யாப்பிலக்கணப் பாடத்தில் அலகிடும் முறை இன்னும் கடினம். சீர், அசை, வாய்பாடு, தளை என நான்கு நெடுவரிசை அட்டவணை வகுப்பறையில் நமக்குப் பழகியது. இருபது கட்டக் கருவியில் நெடுவரிசை என்பதே இல்லை. ஒவ்வொரு சீரையும் ஒரு வரியாக்கி, ‘சீர் இது, அசை இது, வாய்பாடு இது, அடுத்த சீரோடு தளை இது’ என எழுதிப் பார்த்தேன். நீளம் கூடியது. ஆனால் தளை என்பது நின்ற சீருக்கும் வரும் சீருக்கும் இடைப்பட்ட உறவு என்பதை அட்டவணையைவிட இது நன்றாகக் காட்டியது எனவே தோன்றுகிறது. ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டியதன்று இது. ஒரு பொதுமுறை வேண்டும்.

குரல் போதுமா?

திரைவாசிப்பு மென்பொருள்கள் வந்தபின் பிரெயில் எதற்கு என்னும் வினாவைப் பேராசிரியர்களே எழுப்பக் கேட்டிருக்கிறேன். கதையோ செய்தியோ ஆயின் குரல் போதும். தமிழிலக்கியம் பயில்பவருக்குப் போதாது. ணகர னகர நகரங்களும், ரகர றகரங்களும் பேச்சில் மயங்குபவை. செயற்கைக் குரலில் அம்மயக்கம் குறைவதில்லை. பிரெயிலில் அவை முற்றிலும் வேறான வடிவங்கள். வல்லினம் மிகுமிடமும் மிகாவிடமும் காதுக்கு நழுவும். விரலுக்கு, மெய்ப்புள்ளியும் மெய்யுமாக இரு கட்டங்கள் கூடுகின்றன. தேர்வில் எழுதுபவரிடம் சொல்லி எழுதுவிக்கும் மாணவர், தாம் சொல்லும் சொல்லின் எழுத்துகளைத் திண்ணமாக அறிந்திருக்க வேண்டுமே!

ஆசிரியர் தம் கோப்பைக் குரலில் கேட்டுச் சரிபார்ப்பதும் இக்காரணத்தாலேயே முழுமையாகாது. ‘1972இல்’ என்பதைக் குரல் பிழையின்றிப் படிக்கும். என் கட்டுரை அத்தேர்வில் தேறியே வெளியேறியது. மாற்றப்பட்ட கோப்பைப் பிரெயில் அறிந்த ஒருவர் படித்துச் சொல்வதே உறுதியான சோதனை. அதற்கு வாய்ப்பில்லாதபோது, பிரெயில் வடிவத்தை மீண்டும் எழுத்தாக்கி மூலத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலான பிழைகள் தெரிந்துவிடும். பதிப்பாசிரியர் பிரதி ஒப்புநோக்கும் அதே வேலை.

சட்டம் இவ்வழியில் தடையாக இல்லை. 2012-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், ஊனமுற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற விலக்கு அளித்தது. 2013-இல் நிறைவேறிய மராக்கெசு உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நடப்பில் உள்ளது. இருந்தும் நல்லம்பள்ளி மாணவருக்கு என் கட்டுரை சரியான வடிவில் கிட்டாமல் போனது, என் கோப்பின் குறையால்.

திருத்திய கோப்பில் ஆண்டுகளுக்குச் சிறுகோடு இட்டேன், ஔகாரங்களைச் சரிசெய்தேன், கல்வெட்டுப் பாடத்தில் சிதைந்த எழுத்துகளுக்கு இட்ட புள்ளிகளை நீக்கி, ‘மூன்றெழுத்து சிதைந்துள்ளது’ என எழுத்தாலேயே குறித்தேன். எஞ்சியது படம். ‘படம் 3: நடுகல்’ என்பதற்கு மேல் அதனடியில் ஒன்றும் இல்லை. கல்லில் உள்ள உருவத்தைச் சொற்களால் விவரிக்க அமர்ந்தபோது, வீரனின் வாள் எந்தக் கையில் இருக்கிறது, கால்கள் எத்திசை நோக்கியுள்ளன, அருகில் உள்ள விலங்கு எது என என் கட்டுரையில் எங்கும் நான் எழுதியிருக்கவில்லை என்பது தெரிந்தது. நினைவிலிருந்தும் சொல்ல முடியவில்லை. அக்கல் இருக்கும் இடத்துக்கு மீண்டும் சென்று, பார்த்து, எழுதிக்கொண்டு வந்தேன்.